பெட்டியின் மேல் அப்பா பெயர்

போன் வந்தபோது இரவு பன்னிரண்டே கால். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியவில்லை. இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசியது. முதலில் என் பெயரைக் கேட்டது. பிறகு என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இறந்துவிட்டார் என்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே பாயில் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் நம்பரைப் பார்த்தேன். 966 என்று ஆரம்பித்தது.

சவூதியில் என் தம்பியை எல்லோரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் இருக்கிறது, அவன் பெயர் பின்னால் இருக்கிறது. அங்கே முன்னால் இருப்பதுதான் ஒருவனுடைய பெயர். லீவில் வரும்போது சொல்லிச் சிரிப்பான்: "அங்க நான்தான்க்கா அப்பா."

அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான். பல்லாவரத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு என்று நாள் முழுக்க ஊரார் பெயர்களை டைப் அடிப்பதுதான் வேலை. 2012இல் தம்பிக்கு அடிக்கும்போது, இனிஷியல் முன்னால்தானே வரும் என்று அப்பா பெயரை விரித்து முன்னால் போட்டேன். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டேன். அன்றைக்கு அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் அப்படித்தான் இருக்கிறது.

பத்து நிமிஷம் கழித்து இன்னொரு போன். இந்த முறை தமிழ். தம்பியோடு ஒரே ரூமில் இருந்த ராமநாதபுரத்துப் பையன். "அக்கா" என்றான், அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று தம்பி வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறான். சாயங்காலம் இவர்கள் வந்து எழுப்பும்போது உடம்பு சில்லிட்டிருக்கிறது. தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். வயது 39.

அப்பாவை எழுப்பவில்லை. அடுத்த போர்ஷனில் தம்பி மனைவியும் எட்டு வயதுப் பையனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடியட்டும் என்று வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீடு பம்மலில். விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை, காதில் விழுந்தாலும் மனசில் விழாது. அன்று ஒவ்வொன்றும் விழுந்தது.

அது வியாழன் இரவு. சவூதியில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவர்களுக்கு ஞாயிறு வேலை நாள், நமக்கு விடுமுறை. இரண்டு ஊர் அலுவலகமும் சேர்ந்து திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள்தான். ஒரு நாட்டில் இறந்தவரை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். எங்களுக்கு 19 நாள் ஆனது.

ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றார்கள். ரூமில் இறந்ததால் போலீஸ் வந்து பார்க்க வேண்டும், அரசு மருத்துவர் இயற்கை மரணம்தான் என்று எழுத வேண்டும், அந்த அரபி அறிக்கையை இங்கிலீஷில் மொழிபெயர்க்க வேண்டும். அவற்றை வைத்து ரியாத்தில் இருக்கிற நம் தூதரகம் இறப்பைப் பதிவு செய்யும். பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலைக் கொண்டுபோகத் தடையில்லை என்று என்.ஓ.சி. கொடுக்கும். இதற்கு நடுவில் உடல் கெடாமல் இருக்க மருந்தேற்றும் எம்பாமிங், அதற்கு ஒரு சான்று. பிறகுதான் கார்கோ புக்கிங். ஒரு தாள் இல்லாமல் அடுத்த தாள் நகராது.

நாங்கள் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு தாள்தான். உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம், அதற்காக அங்கே இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்று மனைவி கையெழுத்துப் போட்ட பவர் பத்திரம், நோட்டரி முத்திரையோடு. முத்திரைத்தாளில் நானே டைப் அடித்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பத்திரம் அடித்திருக்கிறேன், அன்று ஒரு பக்கம் அடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஆலந்தூர் கோர்ட் பக்கத்தில் ஒரு வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "மனைவிதான்ங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம் இருக்கு?"

கேள்வி நியாயமானதுதான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி பெயர் போடும் இடம் காலி. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட், அங்கேயே புதுப்பித்தபோது பெயரைச் சேர்க்கவில்லை. திருநீர்மலைக் கோயிலில் கல்யாணம், பதிவு செய்யவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் தாசில்தார் அலுவலகத்தில் முதலில் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது சவூதியில் இருக்கிறது. கடைசியில் ரேஷன் கார்டு, பையனுடைய பிறப்புச் சான்றிதழ், கோயில் ரசீது மூன்றையும் சேர்த்துக் கட்டினோம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள் அவள். தான் அவன் மனைவிதான் என்பதற்கு ரசீது தேடுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

அங்கே எழுதிய தாள்களில் பெயர் இன்னொரு விதமாக மாறியது. அரபியில் P ஒலி கிடையாது, B ஒலிதான் உண்டு. நாம் எழுத்தில் ஒன்றாக வைத்திருக்கும் இரண்டு ஒலியில் ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை. அப்பா பெயர் 'ப'வில் ஆரம்பிக்கிறது. பாஸ்போர்ட்டில் P. அதைப் பார்த்து அரபியில் எழுதி, அரபியைப் பார்த்து மறுபடி இங்கிலீஷில் எழுதியபோது B ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. தம்பி பெயரின் நடுவில் இருந்த ஓர் உயிரெழுத்தும் போய்விட்டது. மருத்துவ அறிக்கையில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரா என்ற கேள்வி வந்தது. சவூதி அரசு தரும் வசிப்பு அட்டையான இக்காமாவின் நம்பர் ஒன்றுதான் என்று காட்டி, மொழிபெயர்ப்பைத் திருத்தி வாங்க நான்கு நாள். ஓர் எழுத்துக்காக என் தம்பி நான்கு நாள் அந்தக் குளிர்ப் பெட்டியில் கூடுதலாகக் கிடந்தான். எழுத்துப்பிழை பார்ப்பதே தொழிலாக இருக்கும் எனக்கு இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

இதைப் படிக்கும் யாராவது வெளிநாடு போகிற ஏற்பாட்டில் இருந்தால், தயவுசெய்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட், ஆதார், பேங்க் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். மனைவி பெயரைப் பாஸ்போர்ட்டில் ஏற்றுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது சண்டை போட்டே இதைச் செய்ய வைக்கிறேன்.

ஏழாவது நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். அங்கேயே அடக்கம் செய்துவிடலாமே, இரண்டு நாளில் முடிந்துவிடும், குடும்பத்துக்கும் அலைச்சல் இல்லை என்றார். அங்கே தகனம் செய்ய வழியில்லை, புதைக்கத்தான் வேண்டும். செலவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்குள் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவில், இறந்த தொழிலாளியின் உடலைத் தயார் செய்து சொந்த ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று இருக்கிறது. குடும்பம் சம்மதித்து அங்கேயே அடக்கம் செய்தால் மட்டும் அந்தப் பொறுப்பு கிடையாது. அதாவது அவர் கேட்ட சம்மதத்துக்கு ஒரு விலை இருந்தது. போனைத் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். அவள் தமிழிலேயே சொன்னாள்: "நான் அவர் முகத்தப் பாக்கணும்." அந்தப் பக்கம் புரிந்ததோ இல்லையோ, மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை.

எங்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொன்னவர் தமாமில் இருக்கும் ஒரு மலையாளி. சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறார். மீதி நேரமெல்லாம் இறந்தவர்களுக்காக ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அலைகிறார். என்னை 'சேச்சி' என்று கூப்பிட்டார். பணம் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றினார். வளைகுடா முழுக்க இப்படிச் சிலர் இருக்கிறார்கள். அமீரகத்தில் அஜ்மானில் இருக்கும் அஷ்ரஃப் தாமரசேரி இதுவரை ஆயிரக்கணக்கான உடல்களை ஊருக்கு அனுப்பியவர், 2015இல் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான பிரவாசி பாரதிய சம்மான் விருது பெற்றவர். அந்த அமீரகத்திலேயே இறந்தவரைப் பெட்டியோடு தராசில் நிறுத்தி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் ஏர் இந்தியா அதை மாற்றி, பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 750 திர்ஹாம் என்று ஒரே கட்டணமாக்கியது. குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் என்ற அந்த வரியை நான் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை.

இங்கே சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நலன் ஆணையரகம் இருக்கிறது. இரண்டு தடவை போனேன். முதல் தடவை மனுவும் நகல்களும் கொடுத்தேன், அவர்கள் தூதரகத்துக்கு எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களின் குறைகளுக்காக வெளியுறவுத் துறை வைத்திருக்கும் 'மதத்' இணையதளத்திலும் முதல் வாரமே பதிவு செய்திருந்தேன். இரண்டாவது தடவை போனபோது, விமான நிலையத்திலிருந்து வீடு வரை அரசு செலவில் வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். அங்கே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அம்மா ஒருவர், கையில் மகனுடைய போட்டோவைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவர்கள் வண்டியில் இன்னும் எத்தனை மணி நேரம் போக வேண்டும்!

காப்பீடும் கேட்டுப் பார்த்தேன். பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்தில் இறந்தால் 10 லட்சம் கிடைக்கும். வெளிநாட்டு வேலைக்குக் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வாங்கிப் போகிற தொழிலாளர்களுக்கு அது கட்டாயம். தம்பி பத்தாவது பாஸ் என்பதால் அந்த அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட், அதனால் பாலிசியும் கிடையாது. இருந்திருந்தாலும் மாரடைப்பு விபத்தில் சேராது.

இந்த 19 நாளும் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீடு, ஆனால் சாவு வந்து சேரவில்லை. முதல் நாள் சாமியானா போட வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். வந்தவர்கள் எங்கே உட்கார்வது, எப்போது எழுந்து போவது என்று தெரியாமல் நின்றார்கள். அடுப்பு பற்ற வைக்கலாமா என்று தெரியவில்லை. மூன்று நாள் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, நான்காம் நாள் நானே உலை வைத்தேன், குழந்தை இருக்கிறான். பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. மாடியில் நின்று விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பெரிய அத்தை வந்து தாலிப் பேச்சை எடுத்தார். செத்தது தெரிந்த பிறகும் பொட்டும் பூவுமாக இருப்பது குடும்பத்துக்கு ஆகாது, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். தம்பி மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பா அதுவரை யாரோடும் பேசாமல் இருந்தவர். எழுந்து வந்து அத்தையிடம் சொன்னார்: "அவன் வந்து சேர்ற வரைக்கும் அவ அவன் பொண்டாட்டிதான். யாரும் கைய வைக்கக் கூடாது." அப்பா நாகல்கேணியில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் தினமும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். பூ மட்டும் வைக்கவில்லை.

காரியத்துக்கு நாள் எப்படி எண்ணுவது என்று ஐயரைக் கேட்டோம். தகனம் ஆன நாளிலிருந்து எண்ணுங்கள் என்றார். அது ஒன்றுதான் அந்த நாட்களில் யாரும் மறு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

பதினெட்டாம் நாள் ராத்திரி ராமநாதபுரத்துப் பையன் ஏர்வே பில், அதாவது விமானச் சரக்குச் சீட்டின் போட்டோ அனுப்பினான். எண்ணிக்கை 1. எடை 126 கிலோ. பொருளின் இடத்தில் மனித உடல் என்று இருந்தது. கார்கோவில் அதற்கு மூன்றெழுத்துக் குறி இருக்கிறது, ஹெச்.யு.எம். அவன் போட்டோவுக்குக் கீழே "அண்ணன் கிளம்பிட்டாருக்கா" என்று எழுதியிருந்தான்.

விமான நிலைய சுகாதார அலுவலரின் அனுமதிக்கு முன்பெல்லாம் 48 மணி நேரத்துக்கு முன்னால் தாள்களைக் கொடுக்க வேண்டியிருந்ததாம். 2023 ஆகஸ்டிலிருந்து இ-கேர் என்று இணையதளம் வந்திருக்கிறது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரக என்.ஓ.சி., ரத்தான பாஸ்போர்ட்டின் நகல் நான்கையும் அதில் ஏற்றினால் போதும். எங்களுக்கு அனுமதி ராத்திரியே வந்துவிட்டது. மொத்த அலைச்சலில் தடங்கல் இல்லாமல் நடந்த ஒரே வேலை அது.

செவ்வாய்க்கிழமை விடிகாலை மீனம்பாக்கம் கார்கோ வாசல். லேசான மழை. பயணிகள் வரும் வாசலில் அவனை எத்தனையோ தடவை கூப்பிடப் போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு வருவான், கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்றாவது இருக்கும். இது வேறு வாசல். லாரிகள், பார்சல் ஏஜெண்டுகள், கையில் தாள்களோடு ஓடும் பையன்கள். டெலிவரி ஆர்டர் வாங்கி, கஸ்டம்ஸில் முத்திரை வாங்கி, எல்லாம் முடிய மூன்று மணி நேரம். ஒரு ஊழியர், நான் வரிசையில் நிற்பதைப் பார்த்துத் தாள்களைத் தானே வாங்கிக்கொண்டு போய் முடித்துக்கொண்டு வந்தார். "அப்பாவாம்மா?" என்று கேட்டார். தாளில் இருந்த பெயரைப் பார்த்திருக்கிறார். பின்னால் என் விலாசத்தைப் பார்த்திருக்கிறார், இனிஷியல் பொருந்துகிறது. தம்பி என்றேன்.

ஃபோர்க்லிஃப்டில் பெட்டி வந்தது. மரப்பெட்டி, மேலே கோணி சுற்றித் தைத்திருந்தது. ஒரு முனையில் 'தலை' என்று இங்கிலீஷில் மார்க்கரில் எழுதியிருந்தார்கள். நடுவில் ஸ்டிக்கர். அப்பா கிட்டே போனார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், தோல் கட்டுகளில் மார்க் போட்டுப் பழகியது. ஸ்டிக்கரில் விரல் வைத்து முதல் வார்த்தையை மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் பேரு போட்டிருக்கு."

ஆமாம்ப்பா என்றேன். வேறு என்ன சொல்வது. அவர் விரலை நகர்த்தி அடுத்த வார்த்தைக்கு வந்தார். ஸ்டிக்கர் சின்னது, பெயர் முழுதும் அதில் இடம் பிடிக்கவில்லை. தம்பி பெயரில் நான்கு எழுத்தோடு நின்றுவிட்டது.

வீட்டில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று வண்டி ஓட்டி வந்தவர் சொன்னார். இத்தனை நாள் ஆகியிருக்கிறது, முகம் கறுத்திருக்கும், அப்படியே கொண்டுபோய்விடுங்கள் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் 2019இல் கேரளத்தில் ஒரு குடும்பம் சவூதியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓர் இலங்கைப் பெண்ணின் உடல் இருந்தது. அந்தச் செய்தி எனக்கு ஞாபகம் இருந்தது. பாதிப் பெயர் எழுதிய பெட்டியை நம்பி நான் கொள்ளி வைக்க விடமாட்டேன். திறங்கள் என்றேன்.

ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மருந்து நெடியில் கண் எரிந்தது. பஞ்சு, அதற்குள் வெள்ளைத் துணி. முகம் கறுத்துத்தான் இருந்தது, உதடு வற்றியிருந்தது, ஒரு கணம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஆறு வயதில் மதில் சுவரில் ஏறி விழுந்தான், நான் ஏற்றிவிட்டுத்தான் ஏறினான். இருந்தது. தம்பி மனைவி அந்தப் புருவத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டாள்.

குளிப்பாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணியில் தண்ணீர் நனைத்து முகத்தை மட்டும் துடைத்தோம். புதுவேட்டியை மேலே போர்த்தினோம். பையன் கொள்ளி வைத்தான், சித்தப்பா அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சுடுகாட்டு ஆபீசில் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், அரபி எழுத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். "பேரு சொல்லுங்க, தமிழ்ல" என்றார். சொன்னேன். "இனிஷியல்?" என்றார். அதையும் சொன்னேன். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு அவன் முழுப் பெயர். நீலப் பேனாவில் எழுதி, சரியா என்று பதிவேட்டைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

கம்பெனியிலிருந்து வர வேண்டிய பணத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் வேறு ஒரு பவர் பத்திரம், வேறு சான்றுகள். தூதரகம் கொடுத்த இறப்புப் பதிவை வைத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ராமநாதபுரத்துப் பையன் லீவில் வந்தபோது, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். தம்பியின் துணிகள், ஒரு டூல் கிட், பையனுக்கு வாங்கி வைத்திருந்த கலர் பென்சில் பெட்டி. சாப்பிடச் சொன்னோம், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

போன வாரம் தம்பி மனைவி கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பையனும் கூட வந்தான். திருத்தப் படிவத்தைத் திறந்து, பெயர்க் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இனிஷியல் முன்னாடிதான அத்த வரும்?" என்றான்.

நான் அவன் பெயரை முதலில் அடித்தேன். ஓர் இடைவெளி விட்டு, தம்பி பெயரை அடித்தேன். ஸ்பெல்லிங்கை இரண்டு தடவை சரி பார்த்தேன். அவன் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி இருந்தாலும் அப்பா பேருதான?"

"ஆமாண்டா" என்றேன். பிரிண்ட் கொடுத்து, சூடு ஆறும் முன்னால் அவன் கையிலேயே கொடுத்தேன்.